புகையிலைப் பதம்

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் புகையிலை ஜாடியைத் திறந்துகொண்டிருந்தார்.

மே மாதத் தொடக்கம். டில்லியில் அனல்காற்று வீச ஆரம்பித்திருந்தது. நான் ஆபீஸிலிருந்து வந்து டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். பால்கனியில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பூனை பூந்தொட்டியைத் தள்ளிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். மாமா பிரம்பு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். வாய் கோணியிருந்தது. ஜாடி பக்கத்து முக்காலியில் திறந்தபடி இருந்தது. அதன் மூடி தரையில் கிடந்தது. மூடியின் உட்புறம் பொருத்தியிருந்த சுட்ட மண் வில்லை உடைந்து சிதறியிருந்தது.

"மாமா! என்னங்க மாமா, என்ன பண்ணுது?"

"அச்சா," என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே திரும்பவும், "அச்சா... அச்சா..."

கீழ் வீட்டுப் பஞ்சாபிக்காரர் ஓடி வந்தார். அவரும் அவர் மகனுமாக மாமாவை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கிக் காரில் ஏற்றினார்கள். நான் அடுப்பை அணைத்தேனே தவிர பால்கனிக் கதவைச் சாத்தவில்லை. ஜாடியை மூடும் நினைப்பு எப்படி வரும்?

மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி அதிகாரியாகி ஓய்வு பெற்றவர். எல்லையில் ஏதோ ஒரு பனிமலையில் இருந்த காலத்தில் பைப் பழக்கம் தொற்றிக்கொண்டதாம். ஓய்வுக்குப் பிறகு ஊருக்குப் போகாமல் முனிர்காவில் இந்த ஃப்ளாட்டை வாங்கிக்கொண்டு டில்லியிலேயே தங்கிவிட்டார். அத்தை இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவருக்கு எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேலை, அப்போது அஸ்ஸாமில் இருந்தார். மகள் புனேயில் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே வீட்டில் நானும் மாமாவும் மட்டும்.

நாங்கள் அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லை. "காப்பி வைக்கட்டுங்களா மாமா?" என்பேன். "வைம்மா" என்பார். நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் வீட்டுப் பேச்சும் அவர் பேச்சும் வேறு வேறு. இரண்டுமே தமிழ்தான் என்பதில் மட்டும் அவருக்குப் பெருமை உண்டு. என் மகள் தமிழில் இந்தியைக் கலந்து பேசினால் பொறுக்கவே மாட்டார். "ஏ பிள்ள, நாலு வார்த்தை பேசுனா அதுல மூணு இந்தி. அச்சா என்ன அச்சா? சரின்னு சொல்லு," என்று அதட்டுவார். அவள் வேண்டுமென்றே "அச்சா தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடுவாள்.

எனக்குப் புகை ஆகாது. என் அப்பா மில்லில் வேலை பார்த்தவர், ஓயாமல் பீடி பிடிப்பார். கடைசி வருடங்களில் அவர் இருமல் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். மாமாவிடம் இதை நான் சொன்னதே இல்லை. ஆனாலும் கல்யாணமாகி வந்த முதல் நாளிலிருந்து அவர் என் எதிரில் பைப்பைப் பற்றவைத்தது கிடையாது. சாயங்காலம் பால்கனிக்குப் போவார், உள்பக்கக் கதவைத் தானே சாத்திக்கொள்வார். ஒரு நாளைக்கு ஒரு பைப், அவ்வளவுதான். குளிர்காலத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பனிமூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். மழையென்றால் சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கதவைச் சாத்தாமல் ஒரு நாளும் தீக்குச்சி உரசியதில்லை.

அந்த ஜாடியை அவர் பார்த்துக்கொண்ட விதமும் எனக்குத் தெரியும். ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் வைத்த கனத்த கண்ணாடி ஜாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியிலிருந்து அந்த மண் வில்லையைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைப்பார். எடுத்துக் கைக்குட்டையால் ஒற்றித் துடைத்து மறுபடி பொருத்துவார். எதற்கென்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பின்னால் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்.

மாமாவின் மூளையில் இடது பக்கம் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. "அவருக்கு எல்லாம் புரியும். சொல்ல நினைக்கிற வார்த்தைதான் வாய்க்கு வராது," என்று டாக்டர் விளக்கினார். சில பேருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் தப்பிப் பிழைக்குமாம், எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வருமாம். மாமாவுக்குத் தப்பிப் பிழைத்தது "அச்சா".

பசித்தாலும் அச்சா, வலித்தாலும் அச்சா. நர்ஸ் ஊசி போட வந்தால் கோபமாக ஒரு அச்சா. என் கணவர் அஸ்ஸாமிலிருந்து பறந்து வந்து கட்டிலருகே நின்றபோது, மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அச்சா, அச்சா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் வந்தாள். தாத்தாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் வெளியே ஓடிப்போய் வராந்தாவில் அழுதாள்.

சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். கணவர் லீவு முடிந்து திரும்பிப் போனார். மகளுக்குப் பரீட்சை. நான் சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டேன்.

வந்த மறுநாளே மாமா பால்கனிப் பக்கம் கையைக் காட்டினார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். முக்காலியில் ஜாடி திறந்தபடியே இருந்தது. அத்தனை நாள் அனலும் அதற்குள் புகுந்து புறப்பட்டிருந்தது. மாமா இடது கையை ஜாடிக்குள் விட்டு ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தினார். சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. கையை விரித்தால் வெறும் தூள். காற்றில் அது பறந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

அத்தையின் காரியத்தின்போதுகூட நிமிர்ந்து நின்ற மனிதர். தலையணையை நிமிர்த்தி வைக்கவும் மாத்திரை கொடுக்கவும் அதற்குள் பழகியிருந்தேன். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து நின்றுகொண்டு, "அழாதீங்க மாமா, நான் இதச் சரி பண்ணித் தாரனுங்க," என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று ஒரு யோசனையும் இல்லை.

கணவரிடம் போனில் சொன்னேன். "அரே, புதுசா ஒரு டப்பா வாங்கிடு. ஆனா அப்பா ஸ்மோக் பண்ணக் கூடாது, தெரியும்ல?" என்றார்.

"குடிக்கறதுக்கு இல்லீங்க. அவருக்கு அது பக்கத்துல இருக்கோணும்."

மாமாவை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளும்படி கீழ் வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டு, அவர் வழக்கமாக வாங்கும் கனாட் ப்ளேஸ் கடைக்குப் போனேன். புகையிலைக் கடைக்குள் நான் நுழைந்தது அதுவே முதல் தடவை. அந்த ரகம் இப்போதெல்லாம் வருவதில்லை என்றார் கடைக்காரர். காய்ந்துவிட்டது என்றதும், "ஒரு துண்டு ஆப்பிள் போட்டு மூடி வையுங்கள் பஹன்ஜி," என்று சொல்லி அனுப்பினார்.

போட்டேன். இரண்டு நாளில் ஆப்பிளைச் சுற்றியிருந்த புகையிலை மட்டும் சொதசொதவென்று ஆனது. ஓரத்தில் இருந்தது அப்படியே சருகாக இருந்தது. ஜாடியைத் திறந்து மாமாவின் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அச்சா," என்றார், சரியில்லாத ஃபைலைத் திருப்பி அனுப்பும் அதிகாரியைப் போல. ஆப்பிளை எடுத்து எறிந்தேன்.

அடுத்து எனக்குத் தோன்றியது கூலர். ஜன்னலில் மாட்டிய பெரிய தகரப் பெட்டிக்குள் தண்ணீர் சொட்டச் சொட்ட விசிறி சுற்றும். சட்டையே பிசுபிசுக்கும் அளவுக்கு ஈரக்காற்று வரும். அது புகையிலையை நனைக்காதா என்ன? மாவுச் சல்லடையில் மல்துணியை விரித்து, புகையிலையைப் பரப்பி, கூலருக்கு எதிரே ஸ்டூலில் வைத்தேன். பறக்காமல் இருக்க மேலே இன்னொரு துணி. சாயங்காலத்துக்குள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அப்படியே கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினேன்.

ஒரு பிடி எடுத்தார், முகர்ந்தார். தோள் குலுங்கியது. மறுபடி அழுகிறாரோ என்று பயந்துபோய் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கோணிய வாயோடு, சத்தமில்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் மூக்கருகே கையை நீட்டினார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்த வருடம் கூலரில் வெட்டிவேர்த் தட்டி போட்டிருந்தோம். புகையிலை முழுக்க வெட்டிவேர் மணத்தது. கோயில் பிரசாதம் மாதிரி இருந்தது.

"வெட்டிவேரு ஒடம்புக்குக் குளிர்ச்சிங்க மாமா," என்றேன். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அச்சா, அச்சா!" என்று கையை ஆட்டினார். அவர் விழுந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

வாசனை போவதற்காகப் புகையிலையைத் திறந்து வைத்தேன். வாசனை போனது, கூடவே ஈரமும் போய்விட்டது.

கடைசியில் எனக்கு வழி காட்டியது இட்லித் துணிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டிலிருந்து துணியை உரித்தபோது, துணி ஈரமாகவும் இட்லி ஈரமில்லாமலும் இருந்ததைப் பார்த்து யோசித்தேன். தண்ணீர் புகையிலையின் மேல் படக் கூடாது, அதன் காற்று மட்டும் பட வேண்டும். அகலமான பாத்திரத்தில் புகையிலையைப் பரப்பினேன். புதுத் துணி ஒன்றைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து, சொட்டில்லாமல் முறுக்கிப் பிழிந்து, பாத்திரத்தின் வாயில் முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டினேன். மேலே ஒரு தட்டு. அவ்வப்போது திறந்து புகையிலையைக் கிளறிவிட்டு, துணி காய்ந்தால் மறுபடி நனைத்துக் கட்டினேன்.

பதம் எது என்று எப்படித் தெரியும்? கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஆனால் பதம் பார்க்கத் தெரியாதவள் இல்லை நான். புட்டு மாவைப் பிசிறும்போது கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். புகையிலையும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். பிடித்துப் பார்த்தேன். முதலில் நொறுங்கியது. அப்புறம் மடங்கியது, ஆனால் விளிம்பு குத்தியது. பிறகொரு சமயம் பிடித்தது மெல்ல நின்று, கையைத் திறந்ததும் தூக்கத்திலிருந்து எழுவது போலச் சோம்பலாக விரிந்தது.

மாமாவிடம் கொண்டுபோனேன். இடது கையில் வாங்கினார். அழுத்தினார், திறந்தார், அது விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"அச்சா..." என்றார். இவ்வளவு நீளமாக அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு அதைக் காப்பாற்றும் வேலை. உடைந்த வில்லைக்குப் பதிலாக, மார்க்கெட்டில் பால் குடித்துவிட்டுக் கொண்டுவந்த மண் குவளையைத் தட்டி ஒரு சில்லு எடுத்தேன். மாமா செய்தது போலவே ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, புகையிலையில் ஈரம் நேராகப் படாமலிருக்க மெல்லிய துணியில் சுற்றி மூடிக்கடியில் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் வைக்கப் பயமாக இருந்ததால் பாதியை ஊறுகாய்க்காக வாங்கியிருந்த புது ஜாடியில் போட்டு, அதற்கும் ஒரு சில்லு வைத்தேன்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் காலை வேளைகளில் வருவாள். ஹரியானாக்காரி, நல்ல சிரித்த முகம். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து வலது கையால் அமுக்கச் சொல்வாள். மாமா அதை வெறுத்தார், பந்தைத் தரையில் உருட்டிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஒரு நாள் அவள் வந்தபோது மாமா ஜாடியை மடியில் வைத்து இடது கையால் துழாவிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒரு தட்டில் கொஞ்சம் புகையிலையை எடுத்து வைத்து, "இப்போ இந்தக் கையால, பாபுஜி," என்று இந்தியில் சொல்லி வலது கையைத் தூக்கித் தட்டில் வைத்தாள்.

அந்த ரகப் புகையிலை பட்டை பட்டையாக இருக்கும். பைப்பில் அடைக்கும் முன் விரல்களுக்கிடையே கசக்கிப் பிரிக்க வேண்டும். மாமாவின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அதற்காக மறுபடி ஒன்றையொன்று தேட ஆரம்பித்தன. முதலில் பட்டை நழுவி விழும். நான் பொறுக்கித் தட்டில் போடுவேன். ஈரம் கொஞ்சம் குறைந்த நாளில் அவருடைய முரட்டுப் பிடியில் எல்லாம் தூளாகிவிடும், சலித்துப் போய்விடுவார். பதமாக இருந்த நாளில் அரை மணி நேரம்கூட விடாமல் கசக்குவார். அதனால் காலையில் எழுந்ததும் பாலைக் காய்ச்சுவதற்கு முன்பே நான் ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை பிடித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. புகையிலை நாற்றமே ஆகாத எனக்கு, பற்றவைக்காத புகையிலை உலர்ந்த அத்திப்பழம் மாதிரி மணக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜூலையில் முதல் நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலம். மாமா வலது கையாலேயே பைப்பை முழுக்க அடைத்துவிட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அவர் என்னைப் பார்த்து, கட்டை விரலை ஆள்காட்டி விரல் மேல் உரசிக் காட்டினார். தீப்பெட்டி.

"வேண்டாமுங்க மாமா."

மறுபடி உரசிக் காட்டினார்.

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காருங்க. மறுபடி வந்துருச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

பைப்பை முக்காலியில் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் தட்டைத் தொடவில்லை, அதற்கு மறுநாளும் தொடவில்லை. அந்தப் பெண் கெஞ்சிப் பார்த்தாள். சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினார். கணவர் போனில் முதலில் கூடவே கூடாது என்றார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு குடுத்தா என்ன ஆயிடும்?" என்றார். பிறகு, "வேண்டாம், நீயே பார்த்து முடிவு பண்ணு," என்றார். எனக்கு என் அப்பாவின் இருமல் ஞாபகத்தில் வந்து வந்து போனது.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய முறை. டாக்டர் வழக்கம் போல என்னிடம் பேசத் தொடங்கினார். பிளட் பிரஷர் எப்படி, தூங்குகிறாரா, வயிறு ஒழுங்காகப் போகிறதா? மாமா நடுவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்தே எல்லோரும் அவர் தலைக்கு மேலாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது உறைத்தது. நானும்தான்.

"டாக்டர், பைப் பத்தி நீங்க அவர்கிட்டயே சொல்லுங்க. அவருக்கு எல்லாம் புரியும்," என்றேன்.

டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மாமாவுக்கு நேரெதிரே உட்கார்ந்தார். கழுத்து ரத்தக்குழாயின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, எங்கே குறுகியிருக்கிறது, புகை அதை என்ன செய்யும், அடுத்த முறை வந்தால் எது போகும் என்று மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். "சார், பற்றவைப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. என் கருத்தைச் சொல்லிவிட்டேன்," என்று முடித்தார். மாமா படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஒரு முறை அசைத்தார்.

அன்று சாயங்காலம் அடைத்த பைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. பற்றவைக்காமலே மெல்ல உறிஞ்சினார். புகையிலை ஈரமாக இருந்தால் அப்படி வெறுமனே இழுத்தாலும் அதன் மணமும் இனிப்பும் வாய்க்கு வரும், காய்ந்திருந்தால் வெறும் காற்றுதான். பால்கனிக் கதவைச் சாத்த இடது கையை நீட்டினார். "சாத்த வேண்டாமுங்க மாமா, பொகையே இல்லீங்களே," என்று நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு வெண்டைக்காயை எடுத்து வைத்து நறுக்க உட்கார்ந்தேன்.

மழைக்காலம் முற்றியது. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. அப்பளம் நமுத்தது, உப்பு கசிந்தது. காற்றே இப்படி இருக்கும்போது ஜாடிக்குள் மண் சில்லு வேண்டாம் என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். வெயில் காலப் பழக்கத்தில் பழைய ஜாடிக்கு ஊறவைத்து ஊறவைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ஜாடியை மாமாவின் மடியில் வைத்துக் கொக்கியை விடுவித்தேன். ஒரு மாதிரி பழைய சாக்கு வாடை அடித்தது. மேலே வெள்ளையாக, மெல்லிசாக, பஞ்சு படர்ந்தது போல இருந்தது. மாமா குனிந்து பார்த்தார்.

"பூசணம்," என்றார்.

நான் "ஆமாங்க மாமா, பூசணம்தான்..." என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயோடு நின்றுவிட்டேன். அவரும் நிமிர்ந்தார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுத் திகைத்துப்போன முகம்.

"என்னங்க சொன்னீங்க? மாமா, என்ன சொன்னீங்க?"

அவர் உதடு நடுங்கியது. எங்கே அச்சா வந்துவிடுமோ என்று பயந்தேன். மாமா ஜாடிக்குள் இருப்பதை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்.

"பூ...சணம். பூசணம் பூத்துட்டு."

நான் ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அஸ்ஸாமுக்குப் போன் போட்டேன்.

"மாமா பேசிட்டாருங்க! தமிழ்ல பேசிட்டாரு!"

"நிஜமாவா? என்ன சொன்னாரு?"

"பூசணம்னாரு."

"என்ன சணம்?" என்றார். ராணுவக் குடியிருப்புகளில் இந்தி பேசி வளர்ந்தவர், அந்தச் சொல்லே தெரியவில்லை. நான் அழுதுகொண்டே விளக்கினேன். ஸ்பீக்கரில் போட்டு மாமாவிடம் நீட்டினேன். "அப்பா, ஒன்ஸ் மோர், ப்ளீஸ்," என்று கெஞ்சினார் மகன். மாமா போனைப் பார்த்து, பாடம் ஒப்பிப்பது போல மறுபடி சொன்னார். அந்த மனிதர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விம்மியது எனக்குக் கேட்டது.

பூத்த புகையிலையைக் குப்பையில் கொட்டினேன். ஊறுகாய் ஜாடியில் இருந்தது பிழைத்தது. அதிலிருந்த சில்லை உடனே எடுத்துவிட்டேன். அந்த வருட மழை ஓயும் வரை அதற்குச் சில்லே தேவைப்படவில்லை.

பேச்சு அதன் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. தண்ணி, வலி, செருப்பு. ஒரு நாள் மீன்காரன் சத்தம் கேட்டு, "சாளையா?" என்றார். வாக்கியமாக வர வெகுநாள் ஆனது. நான் தவறாகப் புரிந்துகொண்டால் நெற்றியில் அடித்துக்கொள்வார். சரியாகப் புரிந்துகொண்டால் ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். சுவரைப் பிடித்து நடக்கவும் தொடங்கினார்.

டிசம்பரில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், மாமாவோடு ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர், இப்போது மகளோடு நொய்டாவில் இருக்கிறார். அவருக்கும் முழங்கால் சரியில்லை. மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"இன்னாடா இது, பாதியாப் பூட்ட?" என்று கதவருகிலேயே ஆரம்பித்தார். "நல்லாக் கீறியா?"

"இருக்கேன்... வா," என்றார் மாமா.

பால்கனி வெயிலில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் நண்பர்தான் பேசினார். நடுவில் பாக்கெட்டில் இருந்து தன் பைப்பை எடுத்தவர், மாமாவைப் பார்த்துவிட்டு, "வோணாம்பா, அப்பறமாப் பாத்துக்கலாம்," என்று மறுபடி உள்ளே வைக்கப் போனார். மாமா கையை நீட்டி அந்தப் பைப்பை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் ஜாடியைக் கொண்டுவந்தேன். குளிர்காலத்தின் வறட்டுக் காற்றுக்கு மறுபடி சில்லு போட்டிருந்தேன், அன்று பதம் சரியாக இருந்தது. மாமா வலது கையால் நிதானமாகக் கசக்கி, நண்பருடைய பைப்பை அடைத்துக் கொடுத்தார்.

நண்பர் பால்கனியின் கோடிக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு பற்றவைத்தார். இரண்டு இழுப்பு இழுத்தவர் திரும்பிப் பார்த்தார். "டேய், எங்கடா புட்ச்ச இத? இந்த ஊர்க் காத்துல இப்டி வெச்சிக்கினு கீற! என்னுது ஒரே வாரத்துல மூக்குப்பொடி ஆயிடுது."

மாமா என் பக்கம் கையைக் காட்டினார்.

நண்பர் கிளம்பும்போது, மாமா ஜாடியைத் தூக்கி அவர் பையில் வைத்தார், மிச்சமிருந்த புகையிலை முழுவதையும். நண்பர் வேண்டாம் வேண்டாம் என்றார். மாமா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

எனக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. எத்தனை காலைகள் எழுந்து பிடித்துப் பார்த்திருப்பேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நண்பரை வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்து, சமையலறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"கோவமா?"

"அதெல்லாம் இல்லீங்க."

நின்றுகொண்டே இருந்தார். நான் குழாயை மூடினேன். "ஏனுங்க மாமா குடுத்துட்டீங்க? எனக்குக் கஷ்டமே இல்லீங்களே, வெச்சிருந்திருப்பேனே."

அவர் வார்த்தைகளைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன்.

"அது... குடிக்கதுக்கு உள்ளது. அவன் குடிப்பான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு... போதும்மா. நல்லா... பாத்துக்கிட்ட."

அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? கையைத் துடைத்துக்கொண்டேன்.

"கீழ போவோம்," என்றார்.

பக்கவாதம் வந்த பிறகு, நாற்காலியில் தூக்கிச் சென்றதையும் கொண்டுவந்ததையும் தவிர அவர் அந்தப் படிகளில் இறங்கியதே இல்லை. ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் என் தோள். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினோம். பஞ்சாபிக்கார வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கூவினாள், வீடே வெளியே வந்துவிட்டது. பார்க்கில் வெயில் மங்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேலே ஏறி வந்ததும் களைத்துப்போய்ச் சாப்பிடாமலே தூங்கிவிட்டார்.

மறுநாள் அதே நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

இப்போது பார்க்கில் அவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. வங்காளி ஒருவர், ரயில்வேயில் இருந்த சர்தார்ஜி ஒருவர், சீட்டாட்டத்தில் எப்போதும் தோற்கும் ஒரு ரிட்டயர்ட் ஜட்ஜ். மாமாவின் பேச்சு அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது, சீட்டுக்கு அதிகம் பேச வேண்டியதில்லையாம். நான் மறுபடி ஆபீஸ் போகிறேன். திரும்பி வந்து டீயை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்கிறேன். அங்கிருந்து பெஞ்ச் தெரியும். ஆட்டம் முடிந்ததும் மாமா நிமிர்ந்து பார்த்துக் கை அசைப்பார். நான் இறங்கிப் போய் அழைத்து வருவேன்.